தினமும் நாலு மணி நேரம் கிடைக்காதவர்கள் பிஎச்.டி. பதிவு செய்யலாமா?

12 ஜூன் 2024, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

வேலைக்கும் போகிறேன், வீட்டையும் பார்க்கிறேன், பிஎச்.டி.யும் செய்கிறேன் என்பவர்களில் பாதிப்பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். தினமும் நாலு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார முடியாதவர்கள் பதிவே செய்யக்கூடாது என்பது என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

12 ஜூன் 2024, இரவு 11.40

நான் மறுக்கிறேன். 2019 ஜனவரியில் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். வரலாற்றுத் துறை. மதுரைப் பக்கத்துக் கண்மாய்களை (பாசன ஏரிகளை) 1860 முதல் 1930 வரை யார் பராமரித்தார்கள், யார் செலவு செய்தார்கள், யார் மண் வெட்டினார்கள் என்பது ஆய்வு. இந்த ஐந்தரை வருடத்தில் யாரும் கூப்பிடாத நாலு மணி நேரம் எனக்கு ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. கௌரவ விரிவுரையாளர் வேலை, ஐந்தாவது படிக்கும் மகள், மூட்டுவலியோடு அத்தை, இரவு ஷிப்ட் போகும் வீட்டுக்காரர். இருந்தும் ஐந்து இயலில் மூன்று முடிந்துவிட்டன. உங்கள் விதிப்படி நான் பதிவே செய்திருக்கக்கூடாது. அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு தானாக மேசைக்கு வரும் வீட்டில் இருப்பவருக்காக.

13 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. வேண்டுமென்று சொல்லவில்லை, மறந்துபோயிருந்தது.

நாலு மணி நேரம் என்ன, பதினோரு நாள் முழுசாகக் கிடைத்திருக்கிறது. 2023 மே மாதம் மகளும் அத்தையும் ஊருக்குப் போனார்கள். வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். கல்லூரியும் இல்லை. (மே மாதம் எங்களுக்குச் சம்பளமும் இல்லை, அது வேறு கதை.) பேருந்து கிளம்பிய அன்று நான் ஆடாத குறைதான்.

முதல் நாள் பரண் சுத்தம் செய்தேன். இரண்டாம் நாள் கணினியில் உள்ள கோப்புகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் மாற்றினேன். இயல்3_புதியது, இயல்3_புதியது_கடைசி, இயல்3_இதுதான்_கடைசி என்று கிடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கியதில் அவ்வளவு திருப்தி. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்தைப் பதினாறு தடவை மாற்றினேன். நாலாம் நாள் அழுதேன். பிறகு வந்த நாட்களில் என்ன செய்தேன் என்றே நினைவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது ஒன்றரைப் பக்கம் இருந்தது.

நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு மறைவிடம் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் அது இடிந்தது. "நேரம் கொடுத்தாலும் எழுத வராதவள்" என்று தெரிந்துபோன மாதிரி இருந்தது. ஆகவே, ஐயா, நேற்று உங்களிடம் பேசிய வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

19 ஜூன் 2024

அப்புறம் எப்படி மூன்று இயல் முடித்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சிரிக்கக்கூடாது. மோட்டார்.

எங்கள் மேல்தொட்டி நிறைய முப்பத்தைந்து நிமிடம் ஆகும். தானாக நிற்கும் கருவி எப்போதோ பழுதாகிவிட்டது, மாற்றவில்லை. யாராவது போய் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கத்து வீட்டுத் துணியில் விழுந்து சண்டை வரும். காவல் வேலை என்னுடையது. மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் நான் வேலையாக இருக்கிறேன்! படித்துக்கொண்டிருந்தால் கூப்பிடலாம், மோட்டாருக்குக் காவல் இருந்தால் கூப்பிடக்கூடாது. இந்த வீட்டுச் சட்டத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. அன்றைக்கு ஒரே ஒரு பத்தி. நல்ல பத்தியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை கிடையாது, தண்ணீர் நிறைவதற்குள் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தட்டச்சு செய்து ஒட்டவைப்பேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம், 25 நிமிடமாகப் படித்தாராம். பொமடோரோ முறை என்று அதற்குப் பெயர். என்னுடையது ஒன்றரைக் குதிரைத்திறன் முறை.

20 ஜூன் 2024

நேற்று அதைப் பற்றிப் பெருமை அடித்ததாலோ என்னவோ, இன்று எழுத்து நன்றாக ஓடியது. தொட்டியை மறந்துவிட்டேன். அத்தை கீழே இருந்து கத்தினார்: "ஏத்தா, உன் கம்மா மறுகால் பாயுது!" (கண்மாய் நிறைந்து வழியும் தண்ணீர்தான் மறுகால்.)

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை.

7 ஜூலை 2024

காலக்கெடு பற்றிக் கேட்ட சேலத்துத் தோழிக்கு. நீங்களும் நானும் 2016-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின் கீழ் வருகிறோம். அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாகத் தரலாம். பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மொத்தம் 240 நாள் விடுப்பு உண்டு. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளின் கீழ் சேர்ந்தவர்களுக்கு ஆறு வருடம், மறுபதிவு செய்தால் எட்டு, பெண்களுக்குப் பத்து வரை போகலாம். தானாகக் கிடைக்காது. கெடு முடிவதற்கு முன்னால் நெறியாளர் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

விதியில் இருக்கிறதே என்று நிம்மதிதான். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. "தாமதத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம், இரண்டு வரி இடம். 2020-ல் காப்பகமும் நூலகமும் பூட்டிக் கிடந்தன என்று எழுதலாம், அது கௌரவமான காரணம். அத்தைக்கு மூட்டு அறுவை சிகிச்சை, மகளுக்கு அம்மை, எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாமல் போன எட்டு மாதம், இதெல்லாம் அந்த இரண்டு வரியில் எங்கே போகும்?

மகள் போன வாரம் கேட்டாள்: "அம்மா, நான் எல்கேஜில இருந்து அஞ்சாவது வந்துட்டேன், நீ இன்னும் அதே கிளாஸா?" கேலி இல்லை, உண்மையான சந்தேகம். பெயிலா என்று கேட்காமல் விட்டாளே.

8 ஜூலை 2024

உண்மையான ஆர்வம் இருந்தால் நேரம் தானாக வரும், அந்தக் காலத்தில் உ.வே.சா. செய்யவில்லையா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, கணக்குப் பார்ப்போம். சேலம் இராமசாமி முதலியார் 1880-ல் கேட்ட கேள்வியில்தான் ஐயர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அச்சாகி வந்தது 1887. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடம். அதாவது யுஜிசியின் ஆறு வருடக் கெடுவில் அவரும் தவறியிருப்பார். பெண்களுக்கான இரண்டு வருடச் சலுகையும் அவருக்குக் கிடைத்திருக்காது. வீட்டில் உலை வைத்தது அவர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐயர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரை என் தலையில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

18 ஆகஸ்ட் 2024

மோட்டார் முறையைப் பற்றி ஒரு திருத்தம்.

போன வாரம் இரண்டு நாள் சென்னை போனேன். பாண்டியன் எக்ஸ்பிரசில் ஏறினால் விடியற்காலை எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஸ்டேஷனுக்கு எதிரே அதே காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. இட்லி சாப்பிட்டுவிட்டுத் திறக்கும்வரை வாசலில் நின்றேன். வருவாய் வாரிய நடவடிக்கைகள், ஜமாபந்தி (வருடாந்தர நிலவரிக் கணக்கு) அறிக்கைகள். தாள் அப்பளம் மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்ட வேண்டும். நான் பென்சிலில் எழுதி எடுப்பவள். அந்தக் காலத்து எழுத்தருடைய கையெழுத்துக்குக் கண் பழகவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் ஒரு ஊர்ப் பெயர் இன்னொரு ஊர்ப் பெயரோடு சேர ஆரம்பிக்கும், நேற்றுப் பார்த்த தொகை இன்றைய பக்கத்தில் வேறு மாதிரி இருப்பது உறைக்கும். இதை முப்பத்தைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கவே முடியாது. முதலில் கேள்வி கேட்டவர் இந்த இடத்தில் சரி. எழுதுவதற்குத் துண்டு நேரம் போதும். தேடுவதற்கு முழு நாள் வேண்டும். ஜூனில் நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

புதிதாக இந்த ஆவணங்களைத் தொடுபவர்களுக்கு ஒரு உபாயம்: எல்லாம் பசலி ஆண்டில், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில், இருக்கும். பயப்பட வேண்டாம். பசலியோடு 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு.

21 ஆகஸ்ட் 2024

590 இல்லையா என்று கேட்டவருக்கு: 591தான். ஐந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

22 ஆகஸ்ட் 2024, அதிகாலை 2.10

590 என்று சொன்னவர் சரி.

தூக்கம் வரவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். என் ஆய்வுக் காலத்தில் பசலி ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த ஜூன் கடைசியில் முடியும். பசலி 1286 என்றால் 1876 ஜூலையிலிருந்து 1877 ஜூன் வரை. ஜனவரி முதல் ஜூன் வரையிலான காரியத்துக்கு 591 பொருந்தும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590. கண்மாய்க்கு உயிரே ஐப்பசி, கார்த்திகை மழைதான். அது டிசம்பருக்குள் முடிந்துவிடும். ஆக, கண்மாயைப் பற்றி எழுதுபவள் 590-ஐத்தான் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் இயலில் ஒரு அட்டவணை இருக்கிறது. இடதுபக்கம் பசலிவாரியாக நஞ்சை விளைந்த பரப்பு. வலதுபக்கம் ஆங்கில ஆண்டுவாரியாக வடகிழக்குப் பருவமழை. பசலி 1286-க்கு எதிரே 1877-ஐ வைத்திருக்கிறேன். 1877 கடைசியில் மழை நன்றாகப் பெய்தது. நஞ்சையோ காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்து நான் எழுதியிருக்கும் வாக்கியம்: "போதிய மழை பெய்தும் கண்மாய்கள் நிறையவில்லை. மராமத்து கைவிடப்பட்டதே இதற்குக் காரணம் எனக் கொள்ளலாம்." 1286-க்கு எதிரே வர வேண்டியது 1876. அந்த வருடம் மழையே பொய்த்தது. தென்னிந்தியா முழுக்கப் பஞ்சம். கண்மாய் நிறையாததற்குக் காரணம் மேலே வானம்தான், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கும் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையும் கிடையாது.

அந்த வாக்கியத்தை இரண்டு கருத்தரங்கில் வாசித்திருக்கிறேன். ஒரு கட்டுரையில் அச்சாகி இருக்கிறது. கை தட்டினார்கள்.

23 ஆகஸ்ட் 2024

ஒன்றும் எழுதவில்லை. மாவு அரைத்தேன். மோட்டாருக்கு மகளைக் காவல் வைத்தேன்.

15 செப்டம்பர் 2024

மூன்று வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. "இம்போஸ்டர் சின்ட்ரோம், எல்லாருக்கும் வரும், உங்களை நம்புங்கள்" என்று ஏழு பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதுதான், ஆனால் இங்கே பொருந்தாது. 1978-ல் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் அந்தக் கருத்தை எழுதியது நன்றாகச் சாதித்திருந்தும் தங்களைப் போலி என்று நினைத்த பெண்களைப் பார்த்து. நோய் என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை, 'சின்ட்ரோம்' பிற்பாடு ஒட்டிக்கொண்டது. என் கதை வேறு. நான் நிஜமாகவே தப்பு செய்திருக்கிறேன்.

ஆனால் இதில் ஒன்று எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஐந்து வருடமாக எதற்கெல்லாம் பயந்தேன்? என் ஆங்கிலம் போதாது, கோட்பாட்டுப் புத்தகங்கள் படிக்கவில்லை, கருத்தரங்கில் மற்றவர்கள் சொல்லும் பெயர்கள் தெரியவில்லை, வாய்மொழித் தேர்வில் திக்குவேன். இத்தனை சந்தேகத்தில் ஒன்றுகூட 591 பக்கம் போகவில்லை. அந்த அட்டவணைதான் என் ஆய்வேட்டிலேயே கெட்டியான இடம் என்று நினைத்திருந்தேன். மனசு சரியில்லாத நாட்களில் அதைத் திறந்து பார்த்துத் தெம்பு ஏற்றிக்கொள்வேன். அவ்வளவு சந்தேகப்பட்டும், சந்தேகப்பட வேண்டிய இடத்தைத் தொடவே இல்லை.

நெறியாளரிடம் சொல்ல ஒன்பது நாள் ஆனது. போனில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அழுகை வந்து, "சார், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். நேரில் போனேன். அட்டவணையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா" என்றார். அதற்குப் பிறகு இருவரும் டீ குடித்தோம். மற்ற வருடங்களையும் ஒரு வரிசை நகர்த்திப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நகர்த்தினேன். மழை பெய்தும் நஞ்சை விழுந்த வருடங்கள் என்று நான் கணக்கு வைத்திருந்தவை பதினொன்று. இப்போது நாலு. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கத்துக் கணக்கே வேறு என்பதால் அதில் ஒன்றும் ஆட்டம் காண்கிறது. மூன்றை வைத்து என்ன சொல்ல முடியும் என்று தெரியவில்லை. சொல்ல முடிந்ததைச் சொல்வேன்.

அத்தையிடம் இதை எப்படியோ விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர் தலையைத் தூக்கி, "அது தாது வருசமில்லத்தா? தாது வருசப் பஞ்சம்னாலே மழை பேயலன்னுதான எங்க அப்பத்தா சொல்லும்" என்றார். தாது என்பது 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் எழும்பூர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

26 அக்டோபர் 2024

நேற்று மதுரையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் பிடித்த மழை. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்தது, வீடுகளுக்குள் முழங்காலுக்கு நின்றது. கல்லூரியிலிருந்து வீடு வந்து சேர மூன்று மணி நேரம். சேலையைச் செருகிக்கொண்டு நடந்தபோது, மறுகால் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், அங்கே இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடியது. முன்னால் போன அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல நேரம் பாத்து யோசிக்கிறீங்க, குழி இருக்கு, பாத்து வாங்க" என்றார்.

இன்று காலை நாலாம் இயலுக்கு நாலு பக்கம் எழுதினேன். மின்சாரம் இல்லை, மோட்டாரும் ஓடவில்லை. ஆக என் முறை மறுபடியும் தோல்வி. அல்லது வெற்றி. எதுவென்று தெரியவில்லை.

9 டிசம்பர் 2024

நீட்டிப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். காரணக் கட்டத்தில் "தரவுகளை மறுசரிபார்த்தல்" என்று எழுதினேன். ஒரு வரியிலேயே அடங்கிவிட்டது.

ஜூனில் கேள்வி கேட்டவர் ஆறு மாதம் கழித்துப் பதில் போட்டிருக்கிறார். அவர் மனைவி 2017-ல் மூன்றாவது வருடத்தில் விட்டுவிட்டாராம். இரண்டாவது குழந்தை, மாமியார், வேலை. "அவளுக்கு நேரம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்டேன், யாரையும் புண்படுத்த இல்லை" என்கிறார். அன்று இரவு நான் எடுத்த எடுப்பில் குத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சாப்பாடு, மேசை என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

மனைவியின் ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேட்டேன். "ஏதோ கெமிஸ்ட்ரி" என்று பதில் வந்தது.

மன்னிப்பைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

10 டிசம்பர் 2024

என் வீட்டுக்காரரிடம் சோதித்துப் பார்த்தேன். தலைப்பைப் பிழையில்லாமல் சொன்னார், "1860–1930" உட்பட. நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, நீட்டிப்புப் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் அவர். போகட்டும், மனப்பாடம் செய்தாரே.

2 மார்ச் 2025

மூன்றாம் இயல் புதிதாக எழுதி முடிந்தது. முன்பு ஐம்பத்தெட்டுப் பக்கம், இப்போது நாற்பத்தொன்று. "எனக் கொள்ளலாம்" என்று முடிந்த வாக்கியங்களைத் தேடினேன், பத்தொன்பது இருந்தன. ஆறை விட்டுவைத்தேன். கண்மாய் வேலைக்கு ஊராரைக் கட்டாயமாக வரவழைத்த 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பற்றிய பகுதி மாற்றமில்லாமல் தப்பியது, அதில் பசலி வரவில்லை. அச்சான கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

590 சொன்னவர் யார் என்று தெரியாது. நன்றியுரையில் எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தேன், "வேண்டாம், சரியாக வந்தால் போதும்" என்றார். அட்டவணையில் இப்போது எல்லா இடத்திலும் இரண்டு ஆண்டையும் சேர்த்தே போடுகிறேன்: 1286 (1876–77). அதற்குப் பக்கத்தில் தமிழ் வருடத்துக்கும் ஒரு வரிசை சேர்த்தேன். சித்திரை, ஜூலை, ஜனவரி என்று மூன்றுக்கும் தொடக்கம் வேறு வேறு, ஒன்றில் சறுக்கினால் மற்றது காட்டிக்கொடுக்கும். அந்த வரிசையை அத்தையை உட்கார வைத்துச் சரிபார்த்தேன். பிரபவ, விபவ என்று அறுபதையும் மூச்சுவிடாமல் சொல்கிறார். நடுவில் நிறுத்தினால் மட்டும் மறுபடி பிரபவவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவர்தான் இப்போது கீழே இருந்து கத்துகிறார். தொட்டி நிறைந்துவிட்டது.